ஏரிக்கு நடுவே வீடு: கிரானோக் தீவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரக்கால்களின் மேல் ஒரு வட்ட வீடு, கூம்புக் கூரை, கரையிலிருந்து அதற்கு ஒரு மரப்பாலம், சுற்றிலும் ஏரி. ஸ்காட்லாந்துச் சுற்றுலாப் படங்களில் இதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பார்த்ததும் வாயில் வரும் முதல் கேள்வி, "கரையில் இடமா இல்லை?" என்பதுதான். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் கொஞ்சம் பின்னால் வைத்திருக்கிறேன். முதலில் அடிப்படைகள்.

கிரானோக் என்பது சரியாக என்ன?

நன்னீர் ஏரிக்குள் மனிதர்கள் எழுப்பிய குட்டித் தீவு. கல், மரம், சுள்ளி, மண் என்று எது கிடைத்ததோ அதைக் கொட்டி, தண்ணீர்மட்டத்துக்கு மேலே ஒரு தளம் வரும்வரை உயர்த்தியிருக்கிறார்கள். சில இடங்களில் தீவே கிடையாது. ஏரித் தரையில் கம்பங்களை நட்டு, அவற்றின் மேல் பலகைத் தளம் போட்டு, அதில் வீடு கட்டியிருக்கிறார்கள். இரண்டையும் கிரானோக் என்றுதான் சொல்கிறார்கள்.

குறுக்களவு பெரும்பாலும் 10 முதல் 30 மீட்டருக்குள். ஒரு குடும்பமும் அதைச் சேர்ந்தவர்களும் தங்கக்கூடிய அளவு. இன்று போய்ப் பார்த்தால் மரமும் புதரும் மண்டிய ஒரு கல்மேடுதான் தெரியும். சில தண்ணீருக்கடியில் முழுக்க மூழ்கிக் கிடக்கின்றன.

எங்கெல்லாம் இருக்கின்றன?

பெரும்பாலும் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும்தான். அயர்லாந்தில் சுமார் 1,200. ஸ்காட்லாந்தில் சுமார் 570 என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. அவற்றில் காலம் கணிக்கப்பட்டவை பத்தில் ஒரு பங்குதான். வேல்ஸில் ஒன்றே ஒன்று, லாங்கோர்ஸ் ஏரியில். ஆனால் அந்த ஒன்றின் கதை மற்ற பலவற்றின் கதைக்குச் சமம், கீழே வரும்.

ஒரே ஏரியில் பல கிரானோக்குகள் இருப்பதும் உண்டு. ஸ்காட்லாந்தின் நடுப்பகுதியில் உள்ள டே ஏரியில் மட்டும் 18.

சுவிட்சர்லாந்திலும் ஏரி வீடுகள் உண்டே, அதுவும் இதுவும் ஒன்றா?

உறவு உண்டு, ஒன்று இல்லை. 1853–54 குளிர்காலத்தில் சூரிச் ஏரியின் நீர்மட்டம் மிகவும் இறங்கியபோது மைலன் என்ற ஊரருகே மரக்கம்பங்கள் வரிசை வரிசையாக வெளியே தெரிந்தன. ஃபெர்டினாண்ட் கெல்லர் அதைப் பற்றி எழுதியதும் ஐரோப்பா முழுக்க "ஏரி வீடு" மோகம் பிடித்துக்கொண்டது. ஸ்காட்லாந்தில் கிரானோக்குகளைத் தேடித் தேடித் தோண்டத் தொடங்கியதும் அந்த அலையில்தான். ஆனால் ஆல்ப்ஸ் பகுதியில் இருந்தவை கிராமங்கள். பல வீடுகள், பெரும்பாலும் ஏரிக்கரைச் சதுப்பில். ஆறு நாடுகளில் உள்ள அப்படிப்பட்ட 111 இடங்களை யுனெஸ்கோ 2011இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கிரானோக் அப்படியில்லை. கரையை விட்டு விலகி, தண்ணீர் சூழ, தனியாக நிற்கும் ஒரு வீட்டுத் தீவு.

தண்ணீருக்குள் எப்படிக் கட்டினார்கள்?

இடத்துக்கு இடம் முறை வேறு. அயர்லாந்திலும் தென் ஸ்காட்லாந்திலும் அதிகம் தெரிவது அடுக்கும் முறை. ஆழம் குறைந்த இடமாகப் பார்த்து, சுள்ளிக்கட்டு, மரத்தடி, கல், பீட் எனப்படும் மட்கிய சதுப்பு மண் என்று மாற்றி மாற்றி அடுக்குவார்கள். அடுக்கியது சரிந்து ஓடிவிடாமல் சுற்றிலும் கூர்மையாக்கிய கம்பங்களை வளையமாக அடித்து இறக்குவார்கள். மேலே கற்களைப் பரப்பினால் தளம் ஆயிற்று. பாரத்தில் தளம் மெல்ல அமுங்கும், அப்போது இன்னும் ஓர் அடுக்கு போடுவார்கள். நூற்றாண்டுக்கணக்கில் இப்படியே போயிருக்கிறது. அதனால் ஒரு கிரானோக்கைத் தோண்டினால் வீட்டுக்கு அடியில் வீடு, அதற்கு அடியில் இன்னொரு வீடு என்று வந்துகொண்டே இருக்கும்.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஹெப்ரிடீஸ் தீவுகளில் மரம் அரிது. அங்கே பெரும்பாலும் கல்லைக் கொட்டியே தீவை எழுப்பினார்கள். சில கற்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால்தான் அசையும் அளவுக்குப் பெரியவை.

கம்பத்துக்கு அதிகம் பயன்பட்டவை ஓக், ஆல்டர் மரங்கள். ஆல்டர் ஒரு விசித்திரமான மரம். வெளியில் போட்டால் சீக்கிரம் இற்றுப்போகும், தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தால் அசையாமல் நிற்கும். ஏரிக்கரையிலேயே வளர்வதால் தூக்கிச் சுமக்கும் வேலையும் மிச்சம். டே ஏரியில் மூழ்கி எடுத்த கம்பங்களின் நுனியில் கோடரி வெட்டிய தழும்புகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. கோடரியின் வாய் எவ்வளவு அகலம், அதில் எங்கே பல் விழுந்திருந்தது என்பதுவரை அந்தத் தழும்பிலிருந்து படிக்கலாம்.

எவ்வளவு பழையவை?

நெடுநாள்வரை சொல்லப்பட்ட பதில்: இரும்புக் காலம் முதல் இடைக்காலம்வரை, அதாவது சுமார் கி.மு. 800க்குப் பிறகு. அதற்கு முந்தியது என்று உறுதியாகத் தெரிந்தது ஹெப்ரிடீஸில் வட யூஸ்ட் தீவின் எய்லான் டோனில் என்ற கிரானோக் மட்டும். 1980களின் பிற்பாதியில் அதைத் தோண்டிய இயன் ஆர்மிட், அது புதிய கற்காலத்தது என்று காட்டினார். அப்போது அதை ஒரு விதிவிலக்காகவே ஒதுக்கி வைத்தார்கள்.

2012இல் கதை மாறியது. கடற்படையில் முக்குளிப்பவராக இருந்து ஓய்வு பெற்ற கிறிஸ் மர்ரி, லூயிஸ் தீவின் ஆர்னிஷ் ஏரியில் ஒரு குட்டித் தீவைச் சுற்றி மூழ்கிப் பார்த்தார். தரையில் பானைகள் கிடந்தன. உடைந்த ஓட்டுத் துண்டுகளாக மட்டும் இல்லை, வாய் விளிம்போடு ஏறக்குறைய முழுசாகவே கிடந்தன. அங்குள்ள அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மார்க் எலியட்டும் அவரும் சேர்ந்து அக்கம்பக்கத்து ஏரிகளிலும் தேட, அங்கேயும் அதே மாதிரிப் பானைகள். தொல்லியலாளர்கள் டங்கன் காரோ, ஃப்ரேசர் ஸ்டர்ட் இருவரும் அவற்றை ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள்: கி.மு. 3640க்கும் 3360க்கும் இடைப்பட்டவை. ஸ்டோன்ஹெஞ்சில் பெரிய கற்களை நிறுத்துவதற்கு எண்ணூறு ஆண்டுக்கு மேல் முந்தி.

ஒரு எச்சரிக்கை. இதை வைத்து "எல்லா கிரானோக்கும் 5,000 ஆண்டு பழசு" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. அயர்லாந்தில் இருப்பவற்றில் பெரும்பகுதி கி.பி. 6ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியவை.

காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள்?

கார்பன் கணிப்பு எல்லாக் காலத்துக்கும் சமமாக உதவாது. கி.மு. 800 முதல் 400 வரையிலான காலத்து மாதிரிகளுக்கு அது கிட்டத்தட்ட ஒரே விடையைத்தான் தரும். வளிமண்டலத்தில் அன்றிருந்த கார்பன் அளவின் போக்கு அப்படி. இரும்புக்கால கிரானோக்குகளில் பல சரியாக அந்த நானூறு ஆண்டுகளுக்குள் விழுவதுதான் தலைவலி. அப்பா கட்டியதா, கொள்ளுப்பேரன் கட்டியதா என்று பிரிக்கவே முடியாது.

அங்கே கைகொடுப்பது மர வளையம். மரம் நன்றாகப் பிழைத்திருப்பதால் ஆண்டு வளையங்களை எண்ணிப் பொருத்த முடிகிறது. தென்மேற்கு ஸ்காட்லாந்தின் மிர்டன் கருப்பு ஏரியில் ஒரு வட்ட வீட்டுக்கான மரங்கள் கி.மு. 435இல் வெட்டப்பட்டவை என்றே சொல்லிவிட்டார்கள். எழுத்தே இல்லாத ஒரு சமூகத்தில் ஒரு வீடு கட்டிய ஆண்டு தெரிவது சாதாரண விஷயமில்லை.

சரி, கரையில் இடமா இல்லை? ஏன் தண்ணீருக்குள் போனார்கள்?

வழக்கமான பதில் "பாதுகாப்பு". எதிரி, ஓநாய், கரடி, கொள்ளைக்காரர். இது முழுப்பொய் இல்லை. ஆனால் பள்ளிக்கூடப் பதில் மாதிரி ரொம்ப வசதியாக இருக்கிறது.

பல கிரானோக்குகள் கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் நிற்கின்றன. வீடு மரம், கூரை புல் அல்லது நாணல். தீ வைக்க நினைத்தவனுக்கு ஏரி பெரிய தடையாக இருந்ததில்லை. அது நடந்ததற்குப் பதிவே இருக்கிறது. முற்றுகை போட்டால் தீவில் இருப்பவனுக்குத் தப்பிக்க வழியும் கிடையாது. வயலும் மேய்ச்சலும் கரையில். எதிரி வந்தால் மாட்டை ஓட்டிக்கொண்டு போவான், நீங்கள் தீவில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அன்றைய அயர்லாந்தில் செல்வம் என்றாலே மாடு என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொரு விளக்கம், நிலத்தை மிச்சப்படுத்த என்பது. டே ஏரியின் கிரானோக்குகளில் பல, நல்ல விளைநிலம் உள்ள கரைக்கு எதிரேதான் இருக்கின்றன. மலை நேராக ஏரியில் இறங்கும் அந்த நாட்டில் சமதளம் ஒரு சின்னத் துண்டுதான். அதில் வீடு கட்டி வீணாக்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். எனக்கு இது பாதிதான் ஒப்புதல். ஒரு வீடு எவ்வளவு நிலத்தை அடைக்கும்? அதை மிச்சம்பிடிக்க நூற்றுக்கணக்கான மரத்தை வெட்டித் தண்ணீரில் நடுவது லாபக் கணக்கு இல்லை.

நான் அதிகம் நம்புவது மூன்றாவதை: நாலு பேர் பார்க்க வேண்டும் என்பது. ஏரிக்கு நடுவே நிற்கும் வீடு எல்லாக் கரையிலிருந்தும் தெரியும். அதைக் கட்ட எத்தனை கை வேண்டும் என்பது பார்க்கிறவனுக்குத் தெரியும். உன்னால் அத்தனை பேரை வேலைக்குக் கூப்பிட முடிகிறது என்பதும் புரிந்துவிடும். இடைக்காலத் தொடக்கத்து ஐரிஷ் சட்ட நூல்கள், அரசனின் கோட்டைச் சுவரை எழுப்புவது அவனை அண்டி வாழ்கிறவர்களின் கடமை என்று சொல்கின்றன. வரவேண்டாம் என்பவரைத் தள்ளி வைக்கவும் தண்ணீர் போதும். ஈட்டியோடு வருகிறவனைத் தடுப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அழைக்காமல் யாரும் வாசலுக்கு வர முடியாது என்பதே ஒரு அந்தஸ்துதான்.

ஆனால் இதையும் எல்லாக் காலத்துக்கும் நீட்டக் கூடாது. அயர்லாந்தின் காரா ஏரியில் நீர்மட்டத்தை 1952இல் இறக்கியபோது ஏராளமான கிரானோக்குகள் வெளிப்பட்டன. அவற்றில் சில மிகச் சிறியவை, பெரிய சொத்து எதுவும் இல்லாதவை. சாமானியர்களும் தீவு போட்டிருக்கிறார்கள். லூயிஸ் தீவின் கற்காலத் தீவுகளிலோ ஆள் நிரந்தரமாகக் குடியிருந்ததற்கான அடையாளமே குறைவு. நல்ல பானைகளைத் தெரிந்தே ஏரிக்குள் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. கூடி விருந்துண்ணவோ ஏதோ சடங்கு செய்யவோ போன இடமாக இருக்கலாம். 2022இல் அந்தப் பானைகளில் ஊறியிருந்த கொழுப்பை ஆராய்ந்தபோது பாலும் கோதுமையும் சேர்ந்து வெந்த தடயம் சிறிய பானைகளில் அதிகம் கிடைத்தது. பால் கஞ்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

5,000 ஆண்டு நீண்ட ஒரு பழக்கத்துக்கு ஒரே காரணம் இருந்தால்தான் ஆச்சரியம்.

ராஜாக்களும் இப்படி வாழ்ந்தார்களா?

வாழ்ந்தார்கள், அதற்கு எழுத்துச் சான்றே இருக்கிறது.

வேல்ஸின் லாங்கோர்ஸ் ஏரியில் உள்ள கிரானோக், பிரிக்கைனியோக் என்ற சிறு நாட்டின் அரசனுடையது. ஓக் பலகைகளின் வளையங்களை வைத்து அது கி.பி. 889க்கும் 893க்கும் இடையில் கட்டப்பட்டது என்று தெரிகிறது. 916 ஜூன் மாதத்தில் எக்பர்ட் என்ற மடாதிபதி தன் துணைவர்களோடு கொல்லப்பட்டார். மூன்றே நாளில் இங்கிலாந்தின் மெர்சியா நாட்டை ஆண்ட எதல்ஃப்ளெட் படையை அனுப்பி அந்தத் தீவை அழித்து, அரசனின் மனைவியையும் இன்னும் முப்பத்து சொச்சம் பேரையும் பிடித்துக்கொண்டு போனாள். ஆங்கிலோ-சாக்ஸன் வரலாற்றுக் குறிப்பு இதை இரண்டே வரியில் சொல்லி முடித்துவிடுகிறது. சுமார் கால் நூற்றாண்டுதான் ஆயுள்.

அங்கே 1989 முதல் 1993 வரை அகழ்ந்தபோது எரிந்த மரங்களோடு ஒரு துணி கிடைத்தது. கரிந்து, சேற்றில் ஒட்டிக் கிடந்தது. சுத்தம் செய்து பார்த்தால் மெல்லிய லினன், அதில் பட்டு நூலால் கொடியும் பறவையும் பின்னிய வேலைப்பாடு. பட்டு அந்த நாட்டில் விளைகிற பொருள் இல்லை. வெகுதூரம் கடந்து வந்திருக்க வேண்டும். பிடிபட்ட அந்த அரசனின் மனைவி உடுத்தியதாகவே இருக்கலாம் என்று நினைக்கத் தோன்றுகிறது.

அயர்லாந்தில் லாகோர். தெற்கு ப்ரேகா என்ற சிறு நாட்டு அரசர்களின் இருப்பிடம். 850இல் வடக்கு ப்ரேகாவின் அரசன் கினெத், வைக்கிங்குகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்து அதைத் தரைமட்டமாக்கினான். மறு ஆண்டு, உயிருக்கு உத்தரவாதம் கொடுத்த பிறகும் அவனைத் தண்ணீரில் அமுக்கிக் கொன்றார்கள். அமுக்கியவர்களில் ஒருவன் லாகோரின் அரசன் திகர்னாக். அதே லாகோரில் இரும்புக் கழுத்து வளையமும் சங்கிலியும் கிடைத்தன. அடிமைகளுக்கானவை. அரண்மனை என்றதும் பட்டுத் துணியை மட்டும் நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

2,500 ஆண்டு பழைய வெண்ணெய் கிடைத்தது என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். டே ஏரியில் ஓக்பேங்க் என்ற கிரானோக்கை 1980 முதல் நிக்கோலஸ் டிக்ஸன் தலைமையில் முக்குளித்து அகழ்ந்தார்கள். கிடைத்தவற்றில் ஒரு மரப் பாத்திரம், அடியில் துளைகளோடு. அதன் உள்பக்கம் ஒட்டியிருந்த படிவைச் சோதித்தபோது பால் கொழுப்பு என்று தெரிந்தது. துணி விரித்து அதில் திரண்ட வெண்ணெயைப் போட்டு அழுத்த, மோர் துளை வழியே வடிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். வெண்ணெய் எடுத்துப் பழகிய எவருக்கும் அந்தத் துளை ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

ஓக்பேங்க் எனக்கு மிகப் பிடித்த கிரானோக். தங்கமோ வாளோ கிடைத்ததற்காக இல்லை. அங்கே அன்றாட வாழ்க்கை அப்படியே தண்ணீருக்குள் விழுந்து கிடந்தது. தட்டு, கரண்டி, படகுத் துடுப்பு, நெய்த கம்பளித் துணியின் ஒரு துண்டு. செர்ரிக் கொட்டை, ஹேசல் ஓடு, ஸ்பெல்ட் கோதுமை. கிளவுட்பெர்ரி விதைகூட இருந்தது. அது உயர்ந்த மலைச்சரிவில் மட்டும் வரும் பழம். யாரோ மலையேறிப் பறித்துக்கொண்டு தீவுக்கு வந்திருக்கிறார்கள்.

ஆடு மாட்டையும் உள்ளே வைத்திருந்தார்களா? நாற்றம் அடிக்காதா?

ஓக்பேங்கில் தரை முழுக்க பிராக்கன் பெரணியை மெத்தை போலப் பரப்பியிருந்தார்கள். அதில் ஆட்டுப் புழுக்கை கலந்து கிடந்தது. எனவே ஆடு உள்ளே வந்தது உறுதி. பெரணி அழுக்கானால் மேலேயே புதிது பரப்பியிருப்பார்கள். குளிர்காலத்தில் பதினேழு மணி நேரம் இருட்டு, நடுவே அடுப்பு, சிம்னி கிடையாது, புகை கூரைப் புல் வழியே கசிந்து போகும். நாற்றம் அடித்திருக்கும், சந்தேகமே வேண்டாம். எலும்பும் எச்சிலும் கைக்கு எட்டிய ஓரத்தில் ஏரிக்குள் போயின. இன்றைய அகழாய்வாளருக்கு அந்தக் குப்பைதான் பொக்கிஷம்.

கரைக்கு எப்படிப் போய் வந்தார்கள்?

சில இடங்களில் மரப்பாலம், ஹெப்ரிடீஸில் கற்பாதை, பல இடங்களில் ஒற்றை மரத்தைக் குடைந்த படகு. பாதையைத் தண்ணீருக்கடியில் ஒளித்து, வேண்டுமென்றே வளைத்து வளைத்துப் போட்டார்கள் என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள். இன்று மூழ்கியிருக்கும் பாதை அன்றும் மூழ்கியிருந்ததா என்பதே கேள்வி. ஏரிகளின் நீர்மட்டம் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. நான் இந்தக் கதையைக் கொஞ்சம் தள்ளியே வைப்பேன்.

மரமும் புல்லும் என்றால் தீப்பிடிக்காதா?

பிடிக்கும். டே ஏரியில் கென்மோர் ஊருக்குப் பக்கத்தில் ஓக்பேங்கை மாதிரியாகக் கொண்டு ஒரு கிரானோக்கைக் கட்டி, 1997இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். நீங்கள் பார்த்த படம் பெரும்பாலும் அதனுடையதுதான். 2021 ஜூன் 11 இரவு அது சில நிமிடங்களில் எரிந்து போனது. யாருக்கும் காயமில்லை. கால் கம்பங்கள் மட்டும் தண்ணீரில் கருகி நின்றன. சுற்றிலும் அவ்வளவு தண்ணீர் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இவற்றை முதலில் யார் கண்டுபிடித்தது?

உள்ளூர்க்காரர்களுக்கு எப்போதும் தெரியும். படித்தவர்கள் கண்ணில் பட்டது லாகோரில், 1839இல், அதுவும் எலும்பு வியாபாரத்தால். வற்றிய ஏரியில் மாட்டெலும்பு மலையாகக் குவிந்திருக்க, அதைத் தோண்டி உரத்துக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அதோடு பழம்பொருட்களும் வெளியே வர, பழம்பொருள் ஆய்வாளர் ஜார்ஜ் பெட்ரியும் வில்லியம் வைல்டும் போய்ப் பார்த்தார்கள். வைல்ட் ஒரு கண் மருத்துவர், எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் தந்தை. முறையான அகழாய்வு நடந்தது 1930களில், ஹார்வர்ட் பல்கலைக்கழகக் குழுவால். ஸ்காட்லாந்தில் இந்த வேலையைத் தூக்கிச் சுமந்தவரும் ஒரு மருத்துவர்தான்: கில்மார்னக் ஊரின் ராபர்ட் மன்றோ.

எல்லாரையும்விட எனக்குப் பிடித்தவர் ஓடோ பிளண்டல். ஃபோர்ட் அகஸ்டஸ் மடத்துத் துறவி. நெஸ் ஏரியில் இருக்கும் ஒரே தீவான செர்ரி தீவு இயற்கையா செயற்கையா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, 1908இல் பித்தளைத் தலைக்கவசத்தோடு கூடிய முக்குளிப்பு உடையை மாட்டிக்கொண்டு அவரே இறங்கிவிட்டார். கல்லுக்கடியில் மரத்தடிகள் இருந்தன. செயற்கைதான். நெஸ் ஏரியில் அந்தப் பேர்போன கற்பனை விலங்கைத் தேடி இறங்குகிறவர்கள் பிற்காலத்தில்தான் வந்தார்கள்.

சாலைக்காக ஒரு கிரானோக்கையே அழித்துவிட்டார்களாமே?

ட்ரம்க்ளே. வட அயர்லாந்தில் எனிஸ்கில்லன் அருகே. புதிய இணைப்புச் சாலையின் தடத்தில் அது இருந்தது. 2012இல் அவசர அவசரமாகத் தோண்டத் தொடங்கியபோது எதிர்ப்பு கிளம்பி, அமைச்சர் தலையிட்டு, அகழாய்வுக்குக் கூடுதல் காலம் கொடுத்தார்கள். நோரா பெர்மிங்ஹாம் தலைமையில் வேலை நடந்தது. சுமார் 30 வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு வாழ்க்கை. தோல் செருப்பு, சீப்பு, விளையாட்டுக் காய், அடியில் சிலுவை செதுக்கிய மரக் கிண்ணம் என்று சுமார் 5,000 பொருட்கள். சாலை இன்று அந்த இடத்தின் மேல்தான் போகிறது. சாலை இல்லாவிட்டால் இவ்வளவு முழுசாகத் தோண்டியிருக்கவே மாட்டார்கள் என்பார்கள். அது சரிதான், ஆனால் திரும்பத் தோண்ட இனி அங்கே ஒன்றும் இல்லை.

எப்போது கைவிட்டார்கள்?

17ஆம் நூற்றாண்டில். 1594 முதல் 1603 வரை ஆங்கிலேயரை எதிர்த்து நடந்த ஒன்பதாண்டுப் போரில் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரின் தலைவர்கள் கிரானோக்குகளில் ஆயுதமும் தானியமும் பதுக்கினார்கள். ஆங்கிலேயருக்காக ரிச்சர்ட் பார்ட்லெட் வரைந்த படங்களில் ஒரு கிரானோக்கைத் துப்பாக்கியோடு தாக்கும் காட்சியே இருக்கிறது. பீரங்கிக்கு முன்னால் சுள்ளிவேலி எத்தனை நேரம் தாங்கும்? ஸ்காட்லாந்திலும் 1608இல் மேற்குத் தீவுகளின் கோட்டைகளையும் கிரானோக்குகளையும் ஒப்படைக்கச் சொல்லி அரசர் தரப்பு கேட்டது. அதன் பிறகு அவ்வப்போது ஒளிந்துகொள்ள, சாராயம் காய்ச்ச என்று சில்லறை உபயோகம்தான்.

மரம் எப்படி மட்காமல் இருக்கிறது? வெளியே எடுத்தால் என்ன ஆகும்?

மட்கச் செய்யும் பூஞ்சைக்கும் பெரும்பாலான நுண்ணுயிர்களுக்கும் ஆக்ஸிஜன் வேண்டும். ஏரிச் சேற்றில் அது இல்லை, குளிரும் அதிகம். ஆனால் உருவம்தான் பிழைக்கிறது, உள்ளிருக்கும் வலு கரைந்து அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். நகத்தால் அழுத்தினால் தேங்காய்ப் பிண்ணாக்கு ஊறியது போல உள்ளே போகும். அப்படியே வெயிலில் வைத்தால் சுருங்கி, பிளந்து, அடையாளம் தெரியாமல் போய்விடும். அதனால் ஈரத்திலேயே வைத்து, தண்ணீருக்குப் பதிலாகப் பாலி எத்திலீன் கிளைகால் என்ற மெழுகுப் பொருளை மாதக்கணக்கில் ஊறவிட்டு, பின் உறையவைத்து உலர்த்துவார்கள்.

ஏரியிலேயே விட்டுவைப்பதும் எப்போதும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. நிலத்துக்காக ஏரியின் நீரை இறக்கினால் மேல் அடுக்குகள் காற்றுப்பட்டு உதிரும். தீவின் மேல் வளரும் மரத்தின் வேர் அடுக்குகளைத் துளைக்கும். வயல் உரம் ஏரியில் கலந்தால் தண்ணீரின் குணமே மாறும்.

நேரில் பார்க்கலாமா?

எரிந்துபோன அருங்காட்சியகம் டே ஏரியின் வடகரையில் டாலர்ப் என்ற இடத்துக்கு மாறி 2024 ஏப்ரலில் திறந்தது. ஓக்பேங்க் பொருட்களை அங்கே பார்க்கலாம். அயர்லாந்தில் கிளேர் மாவட்டத்தின் க்ரகனோவனில் கட்டிக் காட்டிய கிரானோக் ஒன்று உண்டு. டப்ளின் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனால் பாலிண்டெரி கிரானோக்கில் கிடைத்த யூ மரத்து ஆட்டப் பலகையைத் தவறவிடாதீர்கள். ஏழுக்கு ஏழு, 49 துளை, இரு முனையிலும் செதுக்கிய தலை, 10ஆம் நூற்றாண்டு.

உண்மையான கிரானோக்கில் ஏறிக் கல்லைப் புரட்டுவது, மெட்டல் டிடெக்டரோடு போவது எல்லாம் வேண்டாம். அயர்லாந்தில் அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேட டிடெக்டரைப் பயன்படுத்துவது குற்றம்.

ஏரியில் ஒரு குட்டித் தீவைப் பார்த்தால் அது கிரானோக்கா என்று சொல்ல முடியுமா?

சந்தேகப்படலாம். வட்டமாக, சின்னதாக, கரைக்குப் பக்கத்தில், விளிம்பெல்லாம் சம அளவுக் கல்லாக இருந்தால் வாய்ப்பு அதிகம். கரையை நோக்கி ஒரு கல்வரிசை தண்ணீருக்குள் தெரிந்தால் இன்னும் அதிகம். செர்ரி தீவை ஃபோர்ட் அகஸ்டஸ் பக்கத்துக் கரையிலிருந்தே பார்க்கலாம். கலிடோனியன் கால்வாய்க்காக நெஸ் ஏரியின் நீர்மட்டத்தை உயர்த்தியதால் இப்போது பழைய அளவில் பாதிகூடத் தெரியாது. ஆனால் உறுதியாகச் சொல்ல பிளண்டல் செய்ததைத்தான் செய்ய வேண்டும்: இறங்கி, கல்லுக்கு அடியில் கோடரி பட்ட மரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.